புதிய உறவுக்கு முன் இரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

கேள்வி: பழைய உறவு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அறிகுறி எதுவும் இல்லை. புதியவரோடு நெருங்கும் முன் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்தால் போதுமா?

போதாது. மூன்று வாரம் என்பது சீக்கிரம். தொற்று உடலுக்குள் வந்தாலும் சோதனையில் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். எச்.ஐ.வி.க்கு, ஆய்வகத்தில் கை நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனையை கடைசியாக உறவு கொண்டதிலிருந்து 45 நாளுக்குப் பிறகு நம்பலாம். விரலில் குத்திப் பார்க்கும் ரேப்பிட் சோதனைக்கும், சிபிலிசுக்கான வி.டி.ஆர்.எல்.லுக்கும் 90 நாள் காத்திருங்கள். இப்போது ஒருமுறை, 90 நாள் கடந்ததும் ஒருமுறை எடுங்கள்; அதுவரை ஆணுறை கட்டாயம்.

வி.டி.ஆர்.எல். 'ரியாக்டிவ்' (தொற்று இருக்கலாம்) என்று வந்தால் பதற வேண்டாம். கர்ப்பம், லூபஸ் (உடலின் எதிர்ப்பாற்றல் உடலையே தாக்கும் நோய்) போன்றவற்றாலும் அப்படி வரும், டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சிபிலிஸ் இரத்தச் சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி சோதனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பி-க்குத் தடுப்பூசி போடாதவர் என்றால் 0, 1, 6 மாதங்களில் மூன்று ஊசி.

பலரும் கோட்டைவிடுவது கிளமிடியாவையும், வெட்டை என்று சொல்லப்படும் கொனோரியாவையும். வழக்கமான இரத்தப் பரிசோதனையில் இவை சிக்காது. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் பாதித்துக் குழந்தைப்பேறே தடைபடலாம். இரண்டுக்கும் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை தேவை. ஆண்கள் ஒரு மணி நேரமாவது சிறுநீரை அடக்கியிருந்து, முதலில் வரும் 20–30 மில்லியைப் பிடிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குக் கேட்பதுபோல நடுவில் வருவதைப் பிடித்தால் கிருமி தப்பிவிடும். பெண்களுக்குச் சிறுநீரைவிடப் பிறப்புறுப்பில் பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி (ஸ்வாப்) மேல். வாய்வழி, ஆசனவழி உறவு இருந்திருந்தால் அந்த இடங்களிலும் ஸ்வாப் எடுக்கச் சொல்லுங்கள். கூச்சத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் அங்கே இருக்கும் தொற்று தெரியவே தெரியாது.

தனியார் பேக்கேஜ்களில் ஹெர்பிஸ் (பிறப்புறுப்பில் புண் வரவைக்கும் வைரஸ்) பார்க்கும் ஐ.ஜி.எம். இரத்தச் சோதனை இருந்தால் தவிர்த்துவிடுங்கள். புண் இல்லாதவருக்கு அது குழப்பத்தைத்தான் தரும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், பால்வினை நோய்களுக்குச் சுகவாழ்வு மையம் இருக்கிறது. பி.சி.ஆருக்குப் பெரும்பாலும் தனியார் ஆய்வகம்தான். 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி உங்கள் சம்மதமின்றி எச்.ஐ.வி. சோதனை செய்யவோ முடிவை வெளியிடவோ கூடாது. சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அழையுங்கள். ஆணுறை கிழிந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், சோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க 28 நாள் எடுக்கும் மருந்து இருக்கிறது.

துணைவர் ரிப்போர்ட் காட்டினால், 'நெகட்டிவ்' என்ற சொல்லோடு நிற்காமல் எந்தெந்தச் சோதனை, எந்தத் தேதி என்று பாருங்கள். ஒருவருக்குக் கிளமிடியா இருந்து, இதற்குள் நெருங்கியிருந்தால் இருவரும் ஒரே சமயத்தில் மருந்து எடுத்து, முடிந்தபின்னரே சேர வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வரும். மறுசோதனை மூன்று மாதம் கழித்து. நான்கு வாரத்துக்குள் எடுத்தால் செத்த கிருமியின் மரபணுவே 'பாசிட்டிவ்' காட்டிவிடும்.