ஓரியன்டீரிங் லீகில் ஓடிய நேரத்தை அப்படியே கூட்டாமல் புள்ளி போடுவது ஏன்?

ஓரியன்டீரிங் என்பது வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, குறித்த இடங்களை வரிசையாகத் தேடிப்பிடித்து ஓடி முடிக்கும் போட்டி. ஒரு வட்டாரத்துக் கிளப்புகள் மாறி மாறி நடத்தும் போட்டிகளை ஒரே புள்ளிப் பட்டியலில் கோத்தால் அதுதான் லீக்.

நேரத்தைக் கூட்ட விடாமல் தடுப்பது நிலம். புல்வெளியில் 5 நிமிடத்தில் ஓடும் கிலோமீட்டர், புதர் மண்டிய சரிவில் 15 நிமிடம்கூடப் பிடிக்கும். அப்படியே கூட்டினால் கடினமான ஒரே போட்டி மொத்த லீகையும் விழுங்கிவிடும். அதனால் பல லீகுகளில் வென்றவருக்கு 1000 புள்ளி, மற்றவர்களுக்கு, வென்றவரின் நேரத்தைத் தங்கள் நேரத்தால் வகுத்த விகிதத்தில். அவர் 60 நிமிடம், நீங்கள் 80 நிமிடம் என்றால் உங்களுக்கு 750. கடினமான வினாத்தாளில் முதல் மதிப்பெண்ணை நூறாக வைத்து மற்றவற்றை ஏற்றிப் போடுவது போலத்தான்.

அப்புறம், பாதை அமைத்தவருக்குக் குறிகள் எங்கே என்று தெரியும். அன்று அவர் போட்டியிட முடியாது. உழைத்தவரையே தண்டிக்கலாமா? அதற்காகவும்தான் 10 போட்டியில் சிறந்த 6 மட்டும் கணக்கில் சேரும் என்பது போன்ற விதி.

ஆக, ஒன்றைத் தவறவிட்டாலே லீக் போச்சு என்று பலர் நினைப்பது சரியல்ல.