வாசகர் கேள்வி–பதில்: பேய்கள் நிற்கும் கடைவீதி

கேள்வி: மகன் ஒசாகாவில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்க நானும் கணவரும், ஓவியம் படிக்கும் மகளும் செல்லவிருக்கிறோம். மிசுகி ஷிகேரு என்ற மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியரின் அருங்காட்சியகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறாள் மகள். அது எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது, ஒரு நாள் வீணாகும் என்கிறான் மகன். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: ஒரே நாளில் போய்த் திரும்புவதாக இருந்தால் மகன் சொல்வதைக் கேளுங்கள், ஓர் இரவு தங்க முடியுமென்றால் மகள் பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள். அருங்காட்சியகம் இருக்கும் சகாய்மினாட்டோ, தொட்டோரி மாநிலத்தில் ஜப்பான் கடலோரமாக அமைந்த மீன்பிடித் துறைமுக ஊர். ஒசாகாவிலிருந்து ஷிங்கன்சென் அதிவேக ரயிலில் ஒகயாமாவுக்கு முக்கால் மணி நேரம், அங்கிருந்து மலைகளைக் கடந்து செல்லும் யாக்குமோ விரைவு ரயிலில் யோனாகோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பிறகு சகாய் கிளைப்பாதையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டருக்கு இன்னொரு முக்கால் மணி நேரம் என்று பயணம் நீளும். ஆனால் அந்தக் கடைசிப் பகுதியைப் பயணச் சுமையில் சேர்க்காதீர்கள். அந்தப் பாதையின் 16 நிலையங்களுக்கும் யோகாய் எனப்படும் நாட்டார் கதைப் பேய், பூதங்களின் பெயர்கள் பட்டப்பெயராகச் சூட்டப்பட்டுள்ளன. ரயில் பெட்டிகளின் மீதும் மிசுகியின் கதைமாந்தர்களே வரையப்பட்டிருக்கிறார்கள்.

சகாய்மினாட்டோ நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் மிசுகி ஷிகேரு சாலை தொடங்கிவிடுகிறது. சுமார் 800 மீட்டர் நீளமுள்ள அந்தக் கடைவீதியின் இரு மருங்கிலும், 2018-ஆம் ஆண்டுப் புதுப்பிப்புக்குப் பிறகு 177 வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாந்துபோவார்கள்; பெரும்பாலானவை கல் பீடத்தின் மேல் அமர்ந்திருக்கும் மிகச் சிறிய உருவங்கள், குனிந்துதான் பார்க்க வேண்டும், தொட்டும் பார்க்கலாம். தெருவிளக்கு கண்விழி வடிவில் இருக்கிறது. நடுவே யோகாய்களுக்கென்றே ஒரு சிறு கோயில் இருக்கிறது, அதில் கண்விழி போன்ற கல்லுருண்டை ஒன்று நீரில் சுழன்றுகொண்டிருக்கிறது. இருட்டிய பிறகு விளக்குகள் யோகாய்களின் நிழலுருவங்களை நடைபாதையில் வீழ்த்துகின்றன. பகலிலேயே திரும்பிவிடுபவர்களுக்கு இது கிட்டாது. ஓர் இரவு தங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

அருங்காட்சியகம் சாலையின் மறுகோடியில் இருக்கிறது. ஓவியரின் பிறந்த நாளான மார்ச் 8 அன்று 2003-இல் திறக்கப்பட்ட அது, புதிய கட்டடமாக எழுப்பப்பட்டு 2024 ஏப்ரல் 20 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. பலரும் முதலில் அங்கே விரைந்துவிட்டு, மீந்த நேரத்தில் நினைவுப்பொருள் வாங்கத் தெருவில் நடக்கிறார்கள். முறையை மாற்றிக்கொள்வதே நல்லது. சாலையை நிதானமாக நடந்து முடித்துவிட்டு உள்ளே செல்லுங்கள். ஓவியம் பயிலும் உங்கள் மகளுக்கு அங்கே முக்கியமானவை மூல ஓவியங்கள். மிசுகியின் மனிதர்கள் எளிய கோடுகளாலான கேலிச்சித்திர உருவங்கள். அவர்களுக்குப் பின்னால் இருக்கும் காடும் கல்லறையும் பழைய வீடுகளுமோ புகைப்படத்தைப் போல் நுணுக்கமானவை. அச்சில் சாம்பல் நிறமாகத் தெரிவது, மூலத்தில் பேனா முனையால் வைத்த எண்ணற்ற புள்ளிகள் என்று விளங்கும்.

கேள்வி: பேய்க்கதை வரைந்த ஒருவருக்கு இத்தனை மரியாதை ஏன்? குழந்தைகளைப் பயமுறுத்துவது அவ்வளவு பெரிய கலையா?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: மிசுகியின் பேய்கள் பயமுறுத்துவதற்காகப் படைக்கப்பட்டவை அல்ல. 1922-இல் ஒசாகாவில் பிறந்து சகாய்மினாட்டோவில் வளர்ந்த அவருக்கு, நோன்நோன்பா என்று அழைக்கப்பட்ட ஒரு மூதாட்டி அக்கம்பக்கத்து ஆவிகளின் கதைகளையெல்லாம் சொல்லிக்கொடுத்தார். முனியப்பனுக்குப் பொங்கலிட்டு, புளியமரத்தடியில் இருட்டிய பின் நிற்காதே என்று பேரனை அதட்டும் பாட்டிமார்களை அறிந்த தருமபுரிக்காரர்களுக்கு அவரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிறகு போர் வந்தது. படையில் சேர்க்கப்பட்டு, இன்று பாப்புவா நியூ கினியாவைச் சேர்ந்த நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் பகுதிக்கு அனுப்பப்பட்டார். உடனிருந்த வீரர்கள் தாக்குதலில் மடிய, அவர் மட்டும் தப்பிவந்தார். மலேரியாவில் கிடந்தபோது நடந்த குண்டுவீச்சில் இடக்கையை இழந்தார். அந்தத் தீவின் டோலாய் மக்கள் அவருக்கு உணவும் நட்பும் அளித்தார்கள்.

ஒற்றைக் கையோடு ஊர் திரும்பியவர், தெருவில் மிதிவண்டியை நிறுத்திச் சிறுவர்களுக்குப் படங்காட்டிக் கதை சொல்லும் கமிஷிபாய்க்காரர்களுக்குப் படம் வரைந்து பிழைத்தார். அந்தத் தொழில் நசிந்ததும் வாடகை நூலகங்களுக்கான காமிக்ஸ் வரைந்தார். கல்லறையில் பிறந்த ஒற்றைக்கண் சிறுவனான கிதாரோவின் கதை, 1965-இல் ஒரு பெரிய வார இதழுக்கு வந்தபோது அவருக்கு வயது 43. 1968-இல் அது தொலைக்காட்சித் தொடரானது. கிதாரோவின் தந்தை வெறும் ஒரு கண்விழி. மகனைக் காக்க எஞ்சியிருப்பது அந்தக் கண் மட்டுமே. இதை வெறும் விளையாட்டுக் கற்பனையாக என்னால் எடுத்துக்கொள்ள இயலவில்லை.

தம் போர் அனுபவத்தை 1973-இல் அவர் தனி நூலாகவே வரைந்தார். வீரமரணம் என்ற பெயரில் வீரர்களைச் சாகச் சொன்ன அதிகாரிகள் மீதான கோபம் அதில் மறைக்கப்படவில்லை. நோன்நோன்பாவைப் பற்றிய நூலுக்கு 2007-இல் பிரான்சின் அங்குலேம் படக்கதை விழாவில் சிறந்த நூலுக்கான விருது கிடைத்தது. இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. புறப்படுவதற்கு முன் ஒன்றையாவது படித்துவிடுங்கள். 2015 நவம்பரில், 93-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கேள்வி: எங்கள் மகனுக்கு ஏழு வயது. தமிழில் டோரேமான் பார்த்து வளர்கிறான். அவனுக்கும் இந்த ஊர் பிடிக்குமா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: சிலைகள் பிடிக்கும், பயணம் பிடிக்காது. டோக்கியோவுக்கு அருகிலுள்ள கவாசாக்கி நகரில், டோரேமானைப் படைத்த ஃபுஜிக்கோ எஃப். ஃபுஜியோவின் அருங்காட்சியகம் 2011 முதல் இயங்குகிறது; அவனை அங்கே அழைத்துச் செல்லுங்கள். நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி, வாசலில் சீட்டு விற்பதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: நம் மாவட்டத்திலும் இப்படி ஒரு சாலை அமைத்தால் சுற்றுலா வளராதா?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: 2010-இல், மிசுகியின் மனைவி எழுதிய நினைவுக் குறிப்பைத் தழுவிய தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பான ஆண்டில், அந்தச் சிற்றூர்ச் சாலைக்கு வந்தவர்கள் 37 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆகவே ஆசை நியாயமானது. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். வெறிச்சோடிக்கொண்டிருந்த கடைவீதியை மீட்பதற்காக 1993-இல் 23 சிலைகளுடன் தொடங்கினார்கள்; பின்னர்ப் பொதுமக்களின் நன்கொடையாலும் சிலைகள் கூடின; அருங்காட்சியகம் பத்து ஆண்டுகள் கழித்தே வந்தது. நாமோ முதலில் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவோம். தருமபுரி அரசு அகழ்வைப்பகத்தில், ஆநிரை மீட்டு இறந்த வீரர்களின் நடுகற்கள் இருக்கின்றன. அவர்களின் கதைகளைச் சிறுவர்கள் விரும்பிப் படிக்கும்படி வரைந்து தரும் ஓர் ஓவியரை முதலில் தேட வேண்டும். அந்த ஓவியர் கிடைக்கும் வரை, சாலைக்கான மதிப்பீட்டைத் தள்ளிவைப்பதே நலம்.

கேள்வி: சுத்த சைவர்கள் நாங்கள். சகாய்மினாட்டோவில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
– ஒரு வாசகர், அரூர்

பதில்: சிரமம்தான். நண்டுக்கும் மீனுக்கும் பெயர்பெற்ற துறைமுகம் அது. காய்கறி மட்டும் மிதப்பதாகத் தெரியும் சூப்பின் அடிச்சாறு கூடப் பெரும்பாலும் மீனிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஊறவைத்த புளிப்புப் பழம் உள்ளே வைத்த சோற்றுருண்டை, ரொட்டி, வாழைப்பழம் ஆகியவற்றைக் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். மற்றதற்குப் பருப்புப்பொடியும் வறுத்த கேழ்வரகு மாவும் பெட்டியில் இருக்கட்டும். மாம்பழம் மட்டும் வேண்டாம், விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.