பதில்: ஒரு வரியைச் சோதிக்க முழு பைத்தான் ஃபைலையும் ஓட்ட வேண்டியிருக்கிறதே?

நண்பரே, ஒவ்வொரு தடவையும் சிஎஸ்வி (அட்டவணைத் தரவு ஃபைல்) லோடாக நாலு நிமிஷம் காத்திருப்பதாகவும், ஃபங்ஷனை மட்டும் காப்பி செய்து டெர்மினலில் போட்டால் இன்டென்டேஷன் எரர் (உள்தள்ளல் பிழை) வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கோடில் தப்பில்லை. ஃபங்ஷனுக்கு நடுவே ஒரு காலி வரி விட்டிருக்கிறீர்கள், பாருங்கள். டெர்மினலில் பைத்தான் 3.10 காட்டும் >>> திரைக்குக் காலி வரி என்றாலே "ஃபங்ஷன் முடிந்தது" என்று அர்த்தம். அடுத்து உள்தள்ளிய வரி வந்ததும் திட்டுகிறது. (3.13-இல் புதுத் திரை வந்தபின் இந்தத் தொல்லை போய்விட்டது.)

வி.எஸ். கோட் எடிட்டரில்தானே எழுதுகிறீர்கள்? கோடைத் துண்டு துண்டாக ஓட்ட உதவும் ஜூபிட்டர் எக்ஸ்டென்ஷனைப் போட்டுக்கொண்டு, சிஎஸ்வி படிக்கும் வரிக்கு மேலே தனி வரியில் # %% என்று அடியுங்கள். அதற்குக் கீழே, சோதிக்க வேண்டிய பகுதிக்கு மேலே இன்னொன்று. இந்தக் குறிதான் ஃபைலைத் துண்டுகளாகப் பிரிக்கிறது. கர்சரை உள்ளே வைத்து ஷிப்ட்+என்டர்: அந்தத் துண்டு மட்டும் ஓடி, விடை பக்கத்து ஜன்னலில் வரும். முதல் தடவை, துண்டுகளை ஓட்டத் தேவையான ஐபைகெர்னல் என்ற பேக்கேஜை நிறுவலாமா என்று கேட்கும், சம்மதியுங்கள். சிஎஸ்வியை ஒருமுறை படித்தால் போதும், மெமரியிலேயே இருக்கும்.

அதிலேதான் ஒரு வம்பும் இருக்கிறது. நான் ஒருமுறை ஒரு வேரியபிள் வரியை அழித்துவிட்டேன். பழைய மதிப்பு மெமரியில் இருந்ததால் சாயங்காலம் வரை எல்லாம் ஓடியது. மறுநாள் காலையில் திறந்து ஓட்டினால் நேம் எரர், அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை! வேலையை மூடும் முன் அந்தப் பக்கத்து ஜன்னலில் ரீஸ்டார்ட் கொடுத்து மேலிருந்து ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.