'லேடீஸ், ஜென்ட்ஸ்' போர்டை எடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட் நகரில் சிறிய டிபன் கடை நடத்துகிறேன். கடைக்குப் பின்பக்கம் இரண்டு கழிவறைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர்தான் போகலாம், உள்ளே தாழ்ப்பாள் உண்டு. ஆண்கள் அறையில் ஒரு யூரினலும் இருக்கிறது. சோதனைக்கு வந்த நகராட்சி அதிகாரி, இரண்டையும் எல்லோருக்கும் பொது என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். கடைக்கு வரும் பெண்களுக்கு இது பிடிக்கவில்லை. டாலஸில் இருக்கும் மச்சான், "டெக்சாஸில் நேர் எதிராகச் சட்டம் வந்திருக்கிறது, நீ மாற்றாதே" என்கிறார். பெண்களுக்கென்று ஒன்றை மட்டுமாவது வைத்துக்கொள்ளலாமா? செலவு என்னுடையதா, கட்டட உரிமையாளருடையதா?

பதில்: முதலில் மச்சான் விஷயம். அவர் சொல்வது டெக்சாஸின் செனட் மசோதா 8, அதாவது பிறப்பின்போதான பாலினப்படியே கழிவறையைப் பயன்படுத்த வேண்டும் என்கிற சட்டம், 2025 டிசம்பர் 4 முதல் அமலில் இருப்பது. அது அரசுக் கட்டடங்களுக்கானது. மச்சானே டாலஸில் ஓட்டல் வைத்திருந்தாலும் அவர் கடைக் கழிவறையை அது தொடாது. உங்கள் கடைக்கு கலிஃபோர்னியா சட்டம்தான்.

அந்தச் சட்டம் ஏபி 1732 (ஏபி என்றால் மாநிலச் சட்டசபை மசோதா). ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2016 செப்டம்பரில் கையெழுத்திட்டார், 2017 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. சுகாதாரம், பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 118600வது பிரிவு. கடையோ அரசு அலுவலகமோ, ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் கழிவறை எல்லாமே அனைத்துப் பாலினருக்கும் பொது என்று அடையாளமிட வேண்டும். 'எல்லாமே' என்று இருப்பதால், ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டு மற்றதைப் பொதுவாக்கும் யோசனை செல்லாது. யூரினல் இருப்பதாலும் விலக்கு கிடைக்காது: ஒரு கம்மோடு, ஒரு யூரினல், உள்ளே போகிறவர் கையில் தாழ்ப்பாள் என்ற அளவுக்குள் இருந்தால் அது ஒருவர் கழிவறைதான். வரிசையாகப் பல தடுப்புகள் உள்ள கழிவறையாக இருந்தால் இந்தப் பிரிவு பொருந்தாது, ஆண், பெண் என்று பிரித்தே வைத்திருக்கலாம்.

போர்டை மாற்றிவிட்டு, "அந்தப் பக்கம் லேடீஸ் மட்டும்" என்று ஊழியர்கள் வாயால் சொல்லி அனுப்புவதும் வேண்டாம். பாலின அடையாளத்தைக் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்பியதாக வந்தால் அது அன்ரூ சிவில் உரிமைச் சட்ட வழக்காகும் (பாலினம், உடல் குறைபாடு போன்றவற்றைக் காட்டிக் கடைகள் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் கலிஃபோர்னியா சட்டம் அது). பெண்களின் குறை பெரும்பாலும் சுத்தம் பற்றியதாகத்தான் இருக்கும். அடிக்கடி கழுவச் சொல்லுங்கள், தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் எந்தச் சட்டமும் தடையில்லை.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உண்மையில் பணம் கரையக்கூடிய இடத்துக்கு வருகிறேன். 118600வது பிரிவு தனியாக அபராதத் தொகை எதையும் சொல்லவில்லை. சோதனைக்கு வரும் அதிகாரி இதையும் பார்க்கலாம் என்கிறது, அவ்வளவுதான். ஆனால் புது அடையாளம் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளின்படி, அதாவது மாநிலக் கட்டட விதித் தொகுப்பான டைட்டில் 24-ன்படி, இருக்க வேண்டும். அது தவறினால் அன்ரூ சட்டப்படி குறைந்தது 4,000 டாலர் இழப்பீடு, மேலே எதிர்த்தரப்பு வக்கீல் கட்டணம். சிறிய உணவகங்கள் மீது இந்த வகை வழக்குகளையே தொழிலாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பெண்கள் கதவில் வட்டமும் ஆண்கள் கதவில் முக்கோணமும் ஏற்கனவே இருக்கும். பொதுக் கழிவறைக்கு இரண்டும் சேர்ந்த சின்னம்: 12 அங்குல வட்டம், கால் அங்குலத் தடிமன், அதன் மேல் முனை மேலே பார்த்த முக்கோணம். முக்கோணத்தின் நிறம் வட்டத்திலிருந்தும், வட்டத்தின் நிறம் கதவிலிருந்தும் பளிச்சென்று வேறுபட வேண்டும். சின்னத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 58 முதல் 60 அங்குல உயரத்தில். கதவில் ஆள் உருவமோ எழுத்தோ கட்டாயமில்லை. பக்கச் சுவரில் பெயர்ப்பலகை வைத்தால் அதில் புடைத்த எழுத்தும் பிரெயிலும் வேண்டும், தாழ்ப்பாள் பக்கமாக. காகிதத்தில் அச்சடித்து டேப் போட்டு ஒட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. பார்வையில்லாதவர் கையால் தடவிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இருக்காது. கழிவறையை இடித்துக் கட்டத் தேவையில்லை, குழாய் வேலையும் இல்லை, போர்டுகள் மட்டும்தான்.

செலவைப் பொறுத்தவரை குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். 'சட்டங்களுக்கு இணங்குதல்' என்ற மாதிரித் தலைப்பில் பொறுப்பு யாருடையது என்று எழுதியிருக்கும், பெரும்பாலும் வாடகைதாரர் தலையில்தான். ஆனால் வழக்குப் போடுகிறவர் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். மத்திய அணுகல் விதிகளின்படி உரிமையாளர், வாடகைதாரர் இருவருமே பொதுமக்களுக்குப் பொறுப்பு; யார் யாருக்குத் திருப்பித் தருவது என்பது உங்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. 2013 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு போட்ட குத்தகை என்றால், மாநிலச் சான்று பெற்ற அணுகல் நிபுணர் ('காஸ்ப்' என்பார்கள்) கட்டடத்தைப் பார்த்தாரா இல்லையா என்று அதில் சொல்லியிருக்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள். கழிவறையோடு வாசற்படியையும் பார்க்கிங்கையும் சேர்த்தே பார்ப்பார்.

உரிமையாளருக்கு இன்றே ஈமெயிலில் எழுதுங்கள், ஃபோனில் பேசி விட்டுவிடாதீர்கள். அதிகாரி கொடுத்த தாளின் நகலை இணையுங்கள். பதிலுக்காகக் காத்திருக்காமல் போர்டை மாற்றுங்கள், தொகை பெரிதல்ல. மாற்றியதும் தேதி தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு வைத்திருங்கள். இதற்கிடையில் வழக்குத் தாள் வந்தால் அன்றே ஒரு வக்கீலிடம் கொடுங்கள். 25 பேருக்கு மேல் ஊழியர் இல்லாத சிறு கடையாக இருந்து, 30 நாளுக்குள் குறையைச் சரிசெய்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்த 4,000 டாலர் 2,000 ஆகக் குறைய வழியுண்டு.