யார் வெளியே உட்காருவது?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. அடுத்த விடுமுறையில் நாத்தனார் குடும்பத்தோடு சேர்ந்து பெரிய தீம் பார்க் ஒன்றுக்கு நான்கு நாள் போகலாம் என்று பேச்சு. அவர் மகளுக்கு 9 வயது, மகனுக்கு 11. மாமியாரும் வருகிறார். என் கணவரோ, "இவனுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்கப்போவதில்லை, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்" என்கிறார். எனக்கு ரோலர் கோஸ்டர் என்றால் உயிர். ஆனால், போனால் குழந்தையை வைத்துக்கொண்டு நான்தான் நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பேனோ என்று பயமாகவும் இருக்கிறது. போகலாமா, தள்ளிப்போடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, அந்த பெஞ்சு, உங்கள் கேள்வியே அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் கணவர் சொன்னதைப் பார்த்துவிடுவோம்.

ஞாபகம் பற்றி அவர் சொல்வது ஏறக்குறைய சரிதான். பெரியவர்களில் பலருக்கு முதல் ஞாபகமே மூன்று, மூன்றரை வயதை ஒட்டித்தான் தொடங்குகிறது. உங்கள் பையன் சில மாதங்கள் அதைப் பற்றியே பேசுவான், பிறகு மறந்துவிடுவான். மறந்தால் என்ன? போகப்போவது அவன் மட்டுமில்லையே. 9 வயதும் 11 வயதும் மறக்க மாட்டார்கள். நீங்களும் மறக்க மாட்டீர்கள். இந்தப் பயணத்தில் பாதி உங்களுக்காகத்தான் என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. குழந்தைக்காகத்தான் எல்லாம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள்தான், அவன் பாதியில் அழத் தொடங்கியதும் "உனக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்" என்று அவனிடமே கோபித்துக்கொள்கிறார்கள்.

ஞாபகத்தைவிட உயரம் முக்கியம். இன்றைக்கே அவனைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிறுத்தி அளந்து பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி மூன்று வயதுப் பையனின் நடுத்தர உயரம் 96 செ.மீ., ஐந்து வயதில் 110 செ.மீ. இதை ரைடுகளின் அளவோடு வைத்துப் பாருங்கள். புளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், சின்னவர்களுக்கான கோஸ்டர் என்று பெயரெடுத்த 'செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின்'கூட 97 செ.மீ. கேட்கிறது. 'ஸ்பேஸ் மவுண்டன்' 112. பக்கத்திலேயே இருக்கும் யூனிவர்சலில் 'ஹல்க்' கோஸ்டருக்கு 137. அதற்கு உங்கள் நாத்தனார் மகளையே வாசலில் நிறுத்திவிட வாய்ப்பிருக்கிறது, அதையும் முன்கூட்டியே அவளிடம் சொல்லி வைப்பது நல்லது. மற்ற இடங்களில் எண்கள் மாறும், முறை இதேதான். எந்த பார்க்கானாலும் அதன் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உயரம் போட்டிருப்பார்கள்.

ஒரு சென்டிமீட்டர்தானே குறைகிறது என்று தடிமனான ஷூ போட்டு அழைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மடியில் வந்து பூட்டிக்கொள்ளும் கம்பி குறிப்பிட்ட உடம்பளவை வைத்துச் செய்யப்பட்டது. அதைவிடச் சின்ன உடம்பு அதன் அடியில் நழுவ இடமிருக்கிறது. வாசலில் கோலை வைத்து அளக்கும் ஊழியரிடம் வாதாடவும் வேண்டாம்.

உயரம் சரியாக இருந்தாலும் மனசு சரி என்று சொல்ல வேண்டுமே. மூன்று வயதுக்கு வேகத்தைவிட இருட்டும் திடீர்ச் சத்தமும்தான் பயம். நேராக அழைத்துப்போய் உட்கார வைக்காமல், வீட்டிலேயே அந்த ரைடின் வீடியோவைச் சத்தத்தோடு போட்டுக் காட்டுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டானா, விட்டுவிடுங்கள். பெரிய தலை வைத்த வேஷக்காரர்களைக் கண்டாலும் பல குழந்தைகள் வீறிட்டு அழும். டிவியில் பார்க்கும்போது அது கை அளவு, நேரில் ஆள் உயரத்துக்கும் மேல், கண் இமைக்காத முகம். புகைப்படத்துக்காக அந்த வேஷக்காரர் கையில் குழந்தையைத் திணிக்க வேண்டாம். பத்தடி தள்ளி நின்று டாட்டா காட்டினாலே போதும்.

அப்புறம் தூக்கம். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. காலையில் கதவு திறப்பதிலிருந்து ராத்திரி வாணவேடிக்கை வரை நின்றால் இந்தக் கணக்கு எங்கே உதைக்கும் என்று உங்களுக்கே தெரியும். திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வரிசையும் குறைவு, வெயிலும் குறைவு. உச்சி வெயிலுக்கு முன்னால் அறைக்குத் திரும்பி அவனைத் தூங்க வைத்துவிட்டு, சாயங்காலம் மறுபடி போங்கள். இதற்காகவே பார்க்குக்குப் பக்கத்தில் தங்குவது நல்லது. டிக்கெட் வாங்கியாச்சு, பாதியில் வெளியே வருவதா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும். நான்கு நாளும் இப்படி அலைய வேண்டாம். நடுவில் ஒரு நாள் எங்கேயும் போகாமல் வைத்துக்கொள்ளுங்கள். வாணவேடிக்கை அவசியம் பார்க்க வேண்டுமென்றால் காதை மூடும் ஹெட்ஃபோன் ஒன்று எடுத்துப் போங்கள், கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். உலகப் புகழ்பெற்ற ரைடுகளுக்கு நடுவில், தரையிலிருந்து பீச்சியடிக்கும் தண்ணீரை உள்ளங்கையால் மூடுவதும், விரலிடுக்கில் அது தெறித்ததும் சிரிப்பதும், மறுபடி மூடுவதுமாக அவன் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். குதிரை ராட்டினத்தில் ஏறினால் இறங்கியதும் "இன்னொரு தரம்" என்பான். விடுங்கள். அவனுக்கு தீம் பார்க் என்றால் அதுதான்.

அந்த நேரத்தில் 11 வயதுப் பையனை ராட்டினத்தடியில் நிற்க வைப்பது பாவம். எல்லோரும் எப்போதும் ஒன்றாகவே திரிய வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, காலையில் பிரிந்து போய், சாப்பாட்டுக்கும் மாலை ஊர்வலத்துக்கும் சேர்ந்துகொள்ளுங்கள்.

சரி, இப்போது பெஞ்சு. பெரிய பார்க்குகளில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. டிஸ்னியில் 'ரைடர் ஸ்விட்ச்', யூனிவர்சலில் 'சைல்ட் ஸ்வாப்' என்பார்கள். குழந்தையோடு எல்லோரும் ரைடின் வாசலுக்குப் போய் ஊழியரிடம் சொல்ல வேண்டும். ஒருவர் குழந்தையுடன் இருக்க, மற்றவர்கள் வரிசையில் போய் ஏறிவிட்டு வருவார்கள். அவர்கள் வந்ததும் இருந்தவர் போகலாம், முழு வரிசையிலும் முதலிலிருந்து நிற்க வேண்டியதில்லை. இரண்டாவதாகப் போகிறவருடன் துணைக்கு ஓரிருவரை விடுவதும் உண்டு. இது தெரிந்துவிட்டால் நாத்தனார் பிள்ளைகள் உங்களோடு வருவதற்குச் சண்டை போடுவார்கள், ஒரே ரைடில் இரண்டு தரம் ஏறலாமே! ஒரு விஷயம், குழந்தையைக் கண்ணில் காட்டாமல் இந்தச் சலுகை கிடைக்காது.

ஆக, வசதி இருக்கிறது. வீட்டில் அதற்கு ஒப்புதல் இருக்கிறதா என்பதுதான் பாக்கி. "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விட்டால், குழந்தை அழுததும் எல்லோர் கண்ணும் உங்கள் பக்கம்தான் திரும்பும். அதனால் நீங்கள் ஏறியே தீர வேண்டிய மூன்று ரைடுகளின் பெயரை எழுதிக் கணவர் கையில் கொடுங்கள். அவரும் மூன்று எழுதட்டும். உங்கள் மூன்றின் போது குழந்தை அவர் பொறுப்பு. ஸ்ட்ரோலர், மாற்றுத்துணி, பசி எல்லாம் சேர்த்துத்தான் பொறுப்பு.

"அம்மா பார்த்துப்பாங்க" என்று ஒரு பேச்சு கட்டாயம் வரும். மாமியாரும் விடுமுறைக்குத்தான் வருகிறார். அவருக்கு என்ன பார்க்க ஆசை என்று மகன் மூலமாக இல்லாமல் நீங்களே நேரில் கேளுங்கள். படகில் உட்கார்ந்து மெதுவாகச் சுற்றுவது, சின்ன ரயில், பொம்மைகள் ஆடிப்பாடும் 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' மாதிரியானவை அவருக்குப் பிடிக்கலாம். உயரக் கட்டுப்பாடு இல்லாத ரைடுகளும் பெரும்பாலும் இவைதான், பேரனும் பாட்டியும் ஜோடி சேர்ந்துகொள்வார்கள். மதியம் அறையில் பேரனோடு படுத்துக்கொள்வதும் அவருக்கு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அதை அவர் சொல்ல வேண்டும், நீங்கள் முடிவு செய்துவிடக்கூடாது.

மீதி சில்லறை விஷயங்கள். வீட்டில் நன்றாக நடக்கிறான் என்று ஸ்ட்ரோலரை விட்டுப் போகாதீர்கள், பார்க் தூரம் வேறு. பல ரைடுகளில் அதை வெளியே நிறுத்தச் சொல்வார்கள். வரிசையாக நிற்கும் வண்டிகளில் உங்களுடையதை அடையாளம் காணக் கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டுங்கள். தினமும் உள்ளே நுழைந்ததும் அவனை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிட்டால், என்ன சட்டை போட்டிருந்தான் என்று பதற்றத்தில் யாருக்கும் நினைவு வராது. அவன் மணிக்கட்டில் உங்கள் போன் நம்பரை பேனாவால் எழுதுங்கள், பெயர்ப் பட்டை குத்திய ஊழியர்களைக் காட்டி, அம்மாவைக் காணவில்லையென்றால் இவர்களிடம் போ என்று சொல்லுங்கள். டிக்கெட் விதி இடத்துக்கு இடம் மாறும். வால்ட் டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயதிலிருந்தே டிக்கெட் உண்டு, டோக்கியோ டிஸ்னிலேண்டில் நான்கிலிருந்து. வயதுக்குப் பதிலாக உயரத்தை வைத்து டிக்கெட் போடும் பார்க்குகளும் இருக்கின்றன.

என் கருத்து, போங்கள். ஆனால் டிக்கெட் போடுவதற்கு முன்னால் அந்த மூன்று பெயர் எழுதிய காகிதம் கணவர் கைக்குப் போயிருக்க வேண்டும். அவர் மனசு வைக்கவில்லையென்றால், இந்தத் தடவை நாத்தனார் குடும்பம் போய்வரட்டும். உங்கள் பையன் 112 செ.மீ. தொட்டதும் அவனையும் கூட்டிக்கொண்டு நீங்களே கோஸ்டரில் ஏறலாம். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவர் "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் மறுபடி கேளுங்கள்.