அப்பாவின் பழைய காரும் ஷோரூம் கேட்கும் 47,000 ரூபாயும்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார். அப்பா இறந்து ஏழு வாரம் ஆகிறது. அவருடைய பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, 1,200 சிசி பெட்ரோல் கார் ஒன்றைத் தன் பெயரில் எடுக்கப் போகிறார். இன்சூரன்சுக்கு ஷோரூம் 47,000 ரூபாய் சொல்கிறது. அதே நிறுவனத்தின் பாலிசி வெளியே 34,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ‘வெளியே எடுத்தால் எங்கள் ஒர்க்ஷாப்பில் கேஷ்லெஸ் கிடையாது, அப்பா பெயரில் இருக்கும் 50 சதவீத நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத ஆண்டுகளுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுக்கு வராது’ என்கிறார்களாம். இதெல்லாம் உண்மையா?

முதலாவது பொய். இரண்டாவதைத் தெரியாமல் சொல்லியிருக்கலாம். இருபது ஆண்டுகள் இன்சூரன்ஸ் கிளைம்களுக்குச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயராக ஷோரூம் வாசல்களில் நின்ற எனக்கு அப்படி நினைக்கும் பெருந்தன்மை இல்லை.

கேஷ்லெஸ் என்பது, பழுதுச் செலவை உங்களிடம் வாங்காமல் நேரே தீர்த்துக்கொள்ள இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் ஒர்க்ஷாப்புக்கும் இடையிலான ஏற்பாடு. பாலிசியை யார் விற்றார் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் வெளியே பார்த்திருப்பதும் அதே நிறுவனத்தின் பாலிசி என்பதால் இந்தக் கேள்வியே எழவில்லை. டீலர்கள் இன்சூரன்ஸ் விற்பதற்கென்று ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) 2017 நவம்பர் முதல் தனி விதிகள் வைத்திருக்கிறது. எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று அவர்கள் கட்டாயப்படுத்த முடியாது. விதி தாளில் பத்திரமாக இருக்கிறது; சாவி டீலர் கையில் இருக்கிறது. அதனால்தான் ‘டெலிவரி தள்ளிப்போகும்’ என்ற ஒரு வரியில் எல்லோரும் பணிந்துவிடுகிறார்கள். ‘வெளியே எடுக்கக் கூடாது என்பதை எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

அந்த 47,000 ரூபாயைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (உங்கள் காரால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். 2022 ஜூன் அட்டவணைப்படி உங்கள் ரகக் காருக்கு அது 10,640 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. இது அரசு நிர்ணயித்த தொகை. எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். மீதி, உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடும் அதனுடன் ஒட்டவைக்கும் கூடுதல் கவர்களும். இதை ஓர் ஆண்டுக்கு மட்டும் எடுத்தால் போதும். இதில் எவ்வளவு தள்ளுபடி தருவது என்பது நிறுவனத்தின் விருப்பம். உங்கள் 13,000 ரூபாய் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒப்பிடும்போது இரண்டு தாளிலும் ஐ.டி.வி. தொகை (கார் திருடுபோனாலோ முழுதாக அழிந்தாலோ நிறுவனம் தரும் உச்சத் தொகை) ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். புதுக் காருக்கு அது ஷோரூம் விலையில் 95 சதவீதம். அதைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் வெளியிலும் இருக்கிறார்கள்.

‘ஐந்து ஆண்டுக்கு பம்பர் டு பம்பர் கட்டாயம், ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது’ என்றும் ஒரு கதை வரும். 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி உத்தரவிட்டது. அடுத்த மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டது. இரண்டாவது செய்தி மட்டும் பல ஷோரூம்களை இன்னும் சென்றடையவில்லை! மற்றபடி, அவர்கள் அப்படி அழைக்கும் ஜீரோ டெப்ரிசியேஷன் கவர், அதாவது உதிரிபாகத்தின் விலையில் தேய்மானம் கழிக்காமல் தரும் கவர், நல்லதுதான். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பம்பர் உடையும்போது பாதி விலை உங்கள் கையிலிருந்து போகும்.

இப்போது அப்பாவின் போனஸ். நோ கிளைம் போனஸ் காருக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. அப்பா உயிரோடு இருக்கும்போது காரை உங்கள் பெயருக்கு மாற்றித் தந்திருந்தால் அவருடைய போனஸ் உங்களுக்கு வந்திருக்காது. ஷோரூம்காரருக்குத் தெரிந்தது இந்தப் பாதி. பாலிசிதாரர் இறந்து, கார் மனைவி, பிள்ளைகள் அல்லது பெற்றோரின் பொறுப்புக்கும் பயன்பாட்டுக்கும் வந்தால் போனஸும் அவர்களுக்கு வரும். இது விதியிலேயே இருக்கிறது. ஆனால் காரை முதலில் விற்றுவிட்டு, பிறகு போய் போனஸ் கேட்டால், ‘கார் உங்களிடம் வரவே இல்லையே’ என்பார்கள். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஆர்.சி.யும் பாலிசியும் உங்கள் பெயருக்கு; பிறகு விற்பனை; விற்றதும் பழைய நிறுவனத்திடமிருந்து போனஸ் கடிதம்; அந்தக் கடிதத்துடன் புதுப் பாலிசி.

இதற்குக் கெடுவும் உண்டு. இறந்தவர் பெயரிலுள்ள பாலிசி, இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரைதான் செல்லும்; அதற்கு முன்பே காலாவதியானால் அந்த நாள் வரைதான். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 31 கொடுக்கவும் அதே மூன்று மாதம். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு மேசையாக இளைப்பாறி வரும். மூன்று மாதக் கெடு வைத்தவர்கள் இந்த மேசைகளை ஒருமுறையாவது பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை. உங்களுக்கு மீதி இருப்பது ஐந்தாறு வாரம். உடன்பிறந்தோர் இருந்தால் அவர்களிடம் ஆட்சேபம் இல்லை என்ற கடிதத்தை இப்போதே வாங்கிவிடுங்கள்.

‘இதெல்லாம் எதற்கு, கையெழுத்து மட்டும் போடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எக்ஸ்சேஞ்ச் தரகர் வெற்றுப் படிவங்களை நீட்டுவார். தொடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்பா பெயரிலேயே அந்தக் கார் நான்கு கைகள் மாறி எங்கோ ஒருவரை இடித்தால், நோட்டீஸ் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான். இப்படி வந்த நோட்டீஸுடன் என் முன்னால் உட்கார்ந்து அழுத குடும்பங்கள் உண்டு.

போனஸ் கடிதம் கைக்கு வருவதற்கு முன்பே ‘50 சதவீதம் போட்டுவிடுகிறேன்’ என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தப் பொய் உங்கள் கையெழுத்தின் கீழ் இருக்கும். கிளைம் வரும் நாளில் நிறுவனம் அதைத்தான் முதலில் தோண்டும். போனஸ் குறைப்பது சொந்தச் சேதப் பகுதியை மட்டும்தான். அந்தப் பகுதி 12,000 ரூபாய் என்றால் லாபம் 6,000 ரூபாய். மூன்றாம் நபர் கட்டணத்தில் ஒரு ரூபாயும் குறையாது.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊர் உங்களுடையது. இன்ஜின் பாதுகாப்புக் கவரை விட்டுவிடாதீர்கள். நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் சாதாரணப் பாலிசி கைவிரித்துவிடும்.

திங்கட்கிழமை இறப்புச் சான்றிதழுடன் இ-சேவை மையத்துக்குப் போய் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அன்றே பழைய இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஷோரூமுக்கு அதன் பிறகு போகலாம்.