எறும்புத் தொல்லையை அடக்க மலேசியக் குளவியை ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் கொண்டுபோய் விட்டார்களே, அது கிள்ளான் காக்காக் கதையாக முடியாதா?

பயம் நியாயம்தான். ஆனால் காக்காவையும் இந்தக் குளவியையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கிள்ளானில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று நூறாண்டுக்கு முன்னால் இலங்கையிலிருந்து காக்காவைக் கொண்டுவந்தார்கள். காக்கா எதைத்தான் விட்டுவைக்கும்? புழு, குப்பை, குருவிக் குஞ்சு, நம் அமாவாசைப் படையல் எல்லாம் அதற்குச் சாப்பாடுதான். காப்பி போய் ரப்பர் வந்தது, காக்கா போகவில்லை.

கிறிஸ்துமஸ் தீவு விஷயம் வேறு. ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில், 135 சதுர கிலோமீட்டர் பரப்பு. பினாங்குத் தீவில் பாதிகூட வராது. பினாங்கு பனியுகத்தில் பெருநிலத்தோடு ஒட்டிக் கிடந்தது. இது கடலடி எரிமலைமேல் எழுந்த தீவு, எந்தக் கரையோடும் சேர்ந்ததே இல்லை. காட்டுத்தரையில் அங்கே செந்நண்டு வைத்ததுதான் சட்டம். உதிர்ந்த இலையையும் முளைக்கிற கன்றையும் தின்று தரையைப் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி வைத்திருக்கும்.

வெளியிலிருந்து வந்த மஞ்சள் பைத்தியக்கார எறும்பு அங்கே பல பத்தாண்டுகளாக இருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 1990-களில்தான் பெரும் பெரும் கூட்டங்களாகப் பெருகியது. கடிக்காது, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சும். நண்டுக்குக் கண் போகும், பிறகு உயிர் போகும். கோடிக்கும் மேல் செத்தன. நண்டு இல்லாத இடத்தில் புதர் மண்டியது, ஆப்பிரிக்க ராட்சத நத்தையும் உள்ளே நுழைந்தது.

இத்தனை எறும்புக்குச் சோறு போட்டது யார்? இன்னொரு வந்தேறி, மஞ்சள் அரக்குச் செதில் பூச்சி. மரச்சாற்றை உறிஞ்சி, சீனித் தண்ணீர் மாதிரி ஒரு கழிவை விடும். கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுச் சீத்தா மரத்திலும் இந்தக் கூட்டணியைப் பார்க்கலாம், பூச்சி இனம் வேறு என்றாலும். கிளைக் கணுவில் பழுப்புப் பொட்டுகளாக அசையாமல் ஒட்டியிருக்கும். எறும்பு வந்து மீசையால் தட்டும், பின்புறத்தில் ஒரு சொட்டு துளிர்க்கும், குடித்துவிட்டுப் போகும். குச்சியால் பொட்டைச் சுரண்டினால் எறும்பு என் கைமேலேயே ஏறிவிடும்.

ஹெலிகாப்டரில் விஷ இரை தூவிப் பார்த்தார்கள். எறும்பு குறையும், பிறகு மறுபடி பெருகும். சாப்பாடு அப்படியே இருக்கும்போது வேறென்ன நடக்கும்?

அதனால்தான் குளவி. நீளம் 2 மில்லிமீட்டர், மனிதரைக் கொட்டாது. செதில் பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். புழு உள்ளிருந்தே தின்றுவிடும். அந்தப் பூச்சி நம் பக்கத்தில் அரிதாகவே தென்படுவதற்கு இப்படிப்பட்ட எதிரிகள்தான் காரணம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நம் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, வேறு செதில் பூச்சிகளைக் கொடுத்தும் சோதித்தார்கள். குளவி அவற்றைச் சீண்டவில்லை. பிறகுதான், 2016 டிசம்பரில், தீவில் விட்டார்கள். காக்காவைக் கப்பலேற்றியவர்கள் இப்படி ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார்களா?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. உயிருள்ள எதையும் விட்டபின் திரும்பப் பிடிக்க முடியாது. ஆனால் சும்மா இருந்தாலும் அங்கே ஆபத்துதான். அந்தத் தீவுக்கே உரிய குட்டி வௌவாலைக் கடைசியாகக் கண்டது 2009-இல். குளவி எறும்பைத் தொடாது, அதன் சாப்பாட்டில்தான் கைவைக்கும். எறும்பை ஒழித்துக்கட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.